டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ்: அந்த நான்கு பாடல்களைத் தாண்டி எந்த ஆல்பம்?

ஒலிநாடாப்பெட்டி எழுதியது:

பிரிட்டிஷ் பாப் இசைக்குழு டியர்ஸ் ஃபார் ஃபியர்ஸ் என்றதும் பெரும்பாலானோர் சொல்வது நான்கு பாடல்களைத்தான்: 'மேட் வேர்ல்ட்', 'ஷவுட்', 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்', 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்'. எண்பதுகளின் தொகுப்பு எதை எடுத்தாலும் இவற்றில் ஒன்றாவது இருக்கும். அவை மகிழ்ச்சியான பழைய பாடல்களாகவே ஒலிபரப்பப்படுகின்றன, கேட்கப்படுகின்றன. எனக்கு இதில் நெடுநாள் ஆதங்கம் உண்டு. பிறந்த ஆல்பத்திலிருந்து பிய்த்தெடுத்துக் கேட்பதால் இந்தப் பாடல்கள் தங்கள் பாதிப் பொருளை இழந்துவிடுகின்றன.

குழுவின் இருவரான ரோலண்ட் ஓர்சபாலும் கர்ட் ஸ்மித்தும் 1961-இல் பிறந்தவர்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் பதின்பருவத்தில் நண்பர்களானார்கள். இருவர் வீட்டிலும் அமைதி கிடையாது. அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜேனோவின் எழுத்துகளை அந்த வயதிலேயே படித்து, குழந்தைப் பருவத்து வலியை அடக்கி வைக்காமல் அழுது வெளியேற்ற வேண்டும் என்ற அவருடைய கொள்கையில் ஆழ்ந்துபோனார்கள். குழுவின் பெயரே அவர் எழுத்திலிருந்து எடுத்ததுதான். 1983-இல் வந்த முதல் ஆல்பம் 'தி ஹர்ட்டிங்' முழுக்க இந்தக் கொள்கையின் மீது நிற்கிறது. அது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. இருபத்தொரு வயது இளைஞர்கள் இருவர் பெற்றோரால் பட்ட காயத்தைப் பாட, அதை நாடே வாங்கிக் கேட்டிருக்கிறது!

ஆனாலும் என் தேர்வு இரண்டாவது ஆல்பமான 'சாங்ஸ் ஃப்ரம் தி பிக் சேர்' (1985). மொத்தம் எட்டே பாடல்கள். அவற்றில் ஒன்றை எடுத்தாலும் கட்டடம் சரியும். தலைப்பில் உள்ள நாற்காலி, 'சிபில்' என்ற 1976-ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் மனநல மருத்துவரின் அறையில் இருப்பது. மனம் உடைந்த அந்தப் பெண் அதில் அமர்ந்தால் மட்டுமே தன்னைப் பாதுகாப்பாக உணர்வாள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஆல்பத்தை ஒரே அமர்வில் கேட்டுப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.

உங்கள் தேர்வு எது, ஏன்? காரணத்தோடு எழுதுங்கள்.

---

வடமேற்குக்காற்று எழுதியது:

'தி ஹர்ட்டிங்', ஐயத்துக்கு இடமில்லாமல். அதற்குப் பிறகு வந்தவற்றில் பளபளப்பு கூடியது, கூர்மை குறைந்தது. 'பேல் ஷெல்டர்' பாடலின் தொடக்கத்தில் அகௌஸ்டிக் கிட்டார் விரைந்து ஓட, அடியில் சின்தசைசர் பனிபோல் உறைந்து நிற்கிறது. அந்த வெப்பமும் குளிரும் ஒன்றாக இருப்பதுதான் இந்தக் குழு. 'சேஞ்ச்' பாடலின் மரிம்பா ஒலியும் அப்படியே.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் வேறு பக்கம். 1989-இல் வந்த 'தி சீட்ஸ் ஆஃப் லவ்'தான் அவர்களுடைய உச்சம். இசைத்துறையில் இருப்பவன் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

1985-இல் அமெரிக்கப் பயணத்தின்போது கேன்சஸ் சிட்டியில் ஒரு ஓட்டல் மதுக்கூடத்தில் ஒலீட்டா ஆடம்ஸ் பியானோ வாசித்துப் பாடிக்கொண்டிருந்ததை இவர்கள் இருவரும் கேட்டார்கள். பெரிய அரங்குகளில் கணினியும் ஒலிநாடாவும் துணைக்கு வர வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, ஒரு பெண் பியானோவையும் குரலையும் மட்டும் வைத்து மனத்தை உலுக்கியது பெரிய அதிர்ச்சி. தாங்கள் செய்வதில் எது குறைகிறது என்று அன்றிரவு அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரைத் தேடிப்பிடித்துப் பாட அழைத்தார்கள். 'உமன் இன் செயின்ஸ்' அப்படிப் பிறந்தது. அதில் டிரம்ஸ் ஃபில் காலின்ஸ், பேஸ் பீனோ பல்லடீனோ. பாட்டின் முதல் பாதியில் டிரம்ஸ் ஏறக்குறைய மூச்சுவிடுவதுபோல் மட்டுமே இருக்கிறது. காலின்ஸ் கையை அடக்கி வைத்திருக்கிறார். அவர் கையை விடும் இடம் வரும்போது ஒலீட்டாவின் குரலும் உயர்ந்துவிடும். எந்த டிரம் மெஷினும் இந்தக் காத்திருப்பைத் தராது.

தலைப்புப் பாடல் இன்னொரு அற்புதம். 1903-இல் செசில் ஷார்ப் என்ற நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் சாமர்செட்டின் ஹாம்பிரிட்ஜ் என்ற ஊரில் ஒரு தோட்டக்காரர் பாடிய 'தி சீட்ஸ் ஆஃப் லவ்' என்ற பழம்பாடலைக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்தத் தோட்டக்காரரின் பெயர் ஜான் இங்கிலாந்து. ஷார்ப் வாழ்நாள் முழுக்கச் செய்த சேகரிப்புப் பணி அங்கேதான் தொடங்கியது. இதைப் பற்றி வானொலியில் கேட்ட ஓர்சபால் அந்தத் தலைப்பை எடுத்துக்கொண்டார். பாட்டு எழுதிய காலம் 1987 ஜூன், மார்கரெட் தாட்சர் மூன்றாம் முறையாக வென்ற பொதுத்தேர்தல் நேரம். அந்தக் கோபம் பாட்டில் நேரடியாகவே இருக்கிறது. தன் மாவட்டத்துப் பழைய பாடல், நாட்டின் நடப்பு அரசியல், அறுபதுகளின் பீட்டில்ஸ் பாணிக் குழலிசை எல்லாம் ஒரே பாட்டில். அது அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போனது என்பதை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது.

---

தாளக்கட்டு எழுதியது:

சுருதிப்பெட்டி அவர்களின் பதிவை ரசித்துப் படித்தேன். ஆனால் டிரம் மெஷினைப் பற்றி அப்படிச் சொல்லிவிட்டுப் போவதை ஏற்க முடியவில்லை.

'எவ்ரிபடி வான்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்' பாடலைத் தாளம் போட்டுக் கேளுங்கள். நான்கு அடி, ஒவ்வோர் அடிக்கும் மூன்று உட்பிரிவு: அப்பட்டமான திஸ்ர நடை. ராக் இசையில் இந்த நடை பெரும்பாலும் ப்ளூஸ் கனத்தோடு வரும், உடம்பை இழுத்து இழுத்து நடக்கும். இங்கே இயந்திரம் தாளத்தைச் சீராகப் பிடித்திருப்பதால் கனம் இறங்கி, பாட்டு தரையில் வழுக்கிக்கொண்டு போகிறது. இசைக்கலைஞர் உயிரைக் கொடுத்து வாசித்திருந்தால் இந்த மிதப்பு கிடைத்திருக்காது. திறந்த சாலையில் கார் ஓட்டும்போது கேட்க இதைவிடப் பொருத்தமான பாட்டு இல்லை என்று ஊரே சொல்வதற்கு அந்தச் சீர்மைதான் காரணம். அதன் வீடியோவிலும் ஸ்மித் தெற்குக் கலிஃபோர்னியாப் பாலைநிலத்தில் பழைய ஆஸ்டின் ஹீலி காரைத்தான் ஓட்டிக்கொண்டு போகிறார்.

இந்தப் பாட்டு ஆல்பத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது. ஓர்சபாலுக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, மிகவும் எளிமையாக இருக்கிறது என்று நினைத்தார். தயாரிப்பாளர் கிறிஸ் ஹியூஸ்தான் விடாமல் வற்புறுத்திப் பதிவு செய்ய வைத்தார். எழுதியவர்களாக ஓர்சபால், இயன் ஸ்டான்லி, ஹியூஸ் மூவர் பெயரும் இருக்கின்றன. முடிவில் வரும் கிட்டார் தனிவாசிப்பு நீல் டெய்லருடையது. பலரும் அதை ஓர்சபால் வாசித்ததாக எழுதுகிறார்கள், அந்த மனிதருக்கு உரிய பெயரைக் கொடுத்துவிடுவோம்.

---

ஒலிநாடாப்பெட்டி எழுதியது:

நன்றி தாளக்கட்டு. என் கட்சிக்கு வலுச் சேர்த்தீர்கள். நானும் ஒன்று சேர்க்கிறேன்.

அந்த ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 'ஐ பிலீவ்', ஆங்கிலப் பாடகர் ராபர்ட் வையட்டுக்குக் காணிக்கையாக்கிய மெதுவான பாட்டு. அது அடங்கியதும் 'ப்ரோக்கன்' சீறிக்கொண்டு வருகிறது. மூன்று நிமிடம்கூட இல்லை, பெரும்பகுதி வாத்திய இசைதான். அந்த ஆவேசத்துக்கு நடுவே ஒரு மெட்டுத் துணுக்கு தலைகாட்டிவிட்டுப் போகும். அடுத்த பாட்டு தொடங்கும்போது பியானோவில் அதே மெட்டு, இப்போது நிதானமாக, முழுதாக. அதுதான் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்'. பாட்டு முடியும் இடத்தில் கூட்டத்தின் ஆரவாரம் கேட்கிறது. மேடையில் பதிவான 'ப்ரோக்கன்' திரும்ப வந்து மோதுகிறது. ஆக, நாம் காதல் பாட்டு என்று தனியே கேட்டுவரும் 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' உண்மையில் இரண்டு உடைசல்களுக்கு நடுவே வைக்கப்பட்ட பாட்டு. காதலுக்கு முன்னும் பின்னும் அதே காயம். சிங்கிளாக, அதாவது தனிப்பாடலாக வெளியிட்ட வடிவில் கேட்பவருக்கு இது எப்படித் தெரியும்?

இன்னொன்று. 'ஷவுட்' ஜேனோவின் கூச்சல் சிகிச்சையைப் பற்றிய பாட்டு என்று எங்கும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது அரசியல் எதிர்ப்பைப் பற்றியது என்று ஓர்சபாலே சொல்லியிருக்கிறார். பனிப்போர்க் காலம் அது. அதே ஆல்பத்தில் 'மதர்ஸ் டாக்' அணுகுண்டு அச்சத்தைப் பற்றியது. முதல் ஆல்பத்தில் வீட்டுக்குள் இருந்த பயம் இரண்டாம் ஆல்பத்தில் வாசலைத் தாண்டி உலகத்தைப் பார்க்கிறது. நான் இதை அவர்களின் சிறந்த ஆல்பம் என்பதற்கு இதுவே முதல் காரணம்.

---

மழைக்காலவானொலி எழுதியது:

'மேட் வேர்ல்ட்' பற்றி ஒருவரும் விரிவாகப் பேசவில்லையே. எனக்கு அது கேரி ஜூல்ஸ் பாடிய பாட்டாகத்தான் அறிமுகம். மூலப் பாடலைப் பிறகு கேட்டபோது வேகமாக, ஆட்டம் போடுவதுபோல் இருந்தது. சோகமான சொற்களுக்கு அந்த மெதுவான பியானோ வடிவம்தானே பொருத்தம்?

---

வடமேற்குக்காற்று எழுதியது:

மழைக்காலவானொலி அவர்களுக்கு,

மைக்கேல் ஆண்ட்ரூஸும் கேரி ஜூல்ஸும் 'டானி டார்க்கோ' படத்துக்காகச் செய்த வடிவம் அது. 2003 கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 1982-இல் மூலப் பாடல் மூன்றாம் இடம் வரைதான் போயிருந்தது. இருபது ஆண்டுகள் கழித்து இன்னொருவர் குரலில் முதலிடம். எழுதியவர்களுக்கு அது பெருமைதான்.

ஆனால் பொருத்தம் என்ற உங்கள் வாதத்தை ஏற்க மாட்டேன். ஓர்சபால் இதை எழுதியபோது அவருக்குப் பத்தொன்பது வயது. பாத் நகரில் ஒரு பீட்சா கடைக்கு மேலே இருந்த வீட்டில், ஜன்னல் வழியாக மக்கள் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது வேலை எதுவும் இல்லாமல் இருந்தவர். கீழே எல்லோரும் விரைகிறார்கள், மேலே ஒருவன் நின்றுவிட்டான். மூலத்தில் டிரம் மெஷின் அந்தத் தெரு. குரல் அந்த ஜன்னல். உலகம் நிற்காமல் ஓடுவதால்தான் அவன் தனிமை தாங்க முடியாததாகிறது. வேகத்தை எடுத்துவிட்டால் தெருவே காணாமல் போகிறது, துயரம் மட்டும் மிஞ்சுகிறது. அழகான துயரம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாட்டு சொல்ல வந்தது அதைவிடக் கடுமையானது.

எழுதியது ஓர்சபால் என்றாலும் பாடியது ஸ்மித் என்பதையும் கவனியுங்கள். ஓர்சபாலின் குரல் முழங்கும் குரல். ஸ்மித்தின் குரலில் ஒரு வெறுமை உண்டு, குறை சொல்லக்கூடத் தெம்பில்லாதவன் பேசுவதுபோல். ஆளைப் பார்த்துப் பாட்டைக் கொடுத்திருக்கிறார்கள்.

---

மழைக்காலவானொலி எழுதியது:

தெருவும் ஜன்னலும் என்ற விளக்கம் மனத்தில் நிற்கிறது. இருந்தும் எனக்கு அந்தப் பியானோ வடிவம் நெருக்கம்தான். துயரத்தில் இருப்பவனுக்குத் தெருவின் சத்தம் கேட்காமல் போகும் நேரமும் உண்டு. அதே படத்தில் பள்ளித் தாழ்வாரக் காட்சிக்கு 'ஹெட் ஓவர் ஹீல்ஸ்' வருகிறது. ஒரே குழுவின் இரண்டு பாடல்கள் ஒரு படத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கின்றன.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

இந்தக் குழுவை இப்போதுதான் கேட்கத் தொடங்கியிருக்கிறேன். மூன்று ஆல்பங்களுக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறீர்கள். எதில் தொடங்குவது? 1992-இல் வந்த வெற்றிப் பாடல்களின் தொகுப்பு போதுமா?

---

ஒலிநாடாப்பெட்டி எழுதியது:

வாருங்கள் கடைசிபெஞ்ச். 'டியர்ஸ் ரோல் டவுன்' தொகுப்பு நல்ல தொகுப்புதான், 'லெய்ட் ஸோ லோ' அதில் புதிதாகவே வந்த பாட்டு. ஆனால் அதில் தொடங்கினால் அதோடு நின்றுவிடும் ஆபத்து உண்டு. 'பிக் சேர்' ஆல்பத்தை எடுங்கள், 'தி வொர்க்கிங் ஹவர்' பாட்டைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். சிங்கிளாக வராத பாட்டு என்பதால் பலர் அதைக் கேட்பதே இல்லை. சாக்ஸபோன் தொடங்கும் விதத்துக்காகவே கேட்க வேண்டும்.

---

கணக்கர் எழுதியது:

எல்லோரும் 'சீட்ஸ் ஆஃப் லவ்' ஆல்பத்தைக் கொண்டாடுகிறீர்கள். அதற்குக் கொடுத்த விலையைப் பற்றி யாராவது பேச வேண்டும்.

முந்தைய ஆல்பம் வந்து நான்கரை ஆண்டுகள் ஆகிவிட்டன. தயாரிப்பாளர்கள் கிளைவ் லேங்கர், ஆலன் வின்ஸ்டான்லி ஆகியோரோடு செய்த பதிவுகள் கைவிடப்பட்டன. கிறிஸ் ஹியூஸோடு மீண்டும் முயன்று அதையும் விட்டார்கள். கடைசியில் ஒலிப்பதிவாளர் டேவ் பாஸ்கோமைச் சேர்த்துக்கொண்டு தாங்களே தயாரித்தார்கள். செலவு பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியதாகச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஒரு பாப் ஆல்பத்துக்கு இது மலைக்க வைக்கும் தொகை. நிக்கி ஹாலண்ட் என்ற கீபோர்டு கலைஞர் பல பாடல்களை ஓர்சபாலோடு சேர்ந்து எழுதினார். ஸ்மித் முதன்மைக் குரலாகப் பாடியது ஒரே பாட்டு, 'அட்வைஸ் ஃபார் தி யங் அட் ஹார்ட்'. இரண்டு பேர் கொண்ட குழுவில் ஒருவர் ஓரமாகிக்கொண்டே போனதை அந்த ஆல்பத்திலேயே கேட்கலாம். 1991-இல் ஸ்மித் விலகியது யாருக்கும் ஆச்சரியமாக இருந்திருக்காது.

ஒரு ஆல்பம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அதைச் செய்த நட்பை அது முறித்துவிட்டால் அதை உச்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

சுருதிப்பெட்டி எழுதியது:

கணக்கர் அவர்களே, நட்பு முறிந்ததற்கு ஆல்பத்தின் மீது பழி போடுவது நியாயமில்லை. சிறுவயதிலிருந்து ஒன்றாகவே இருந்த இருவர், முப்பதை நெருங்கும்போது மணவாழ்க்கைச் சிக்கல், புகழ், பயணம் எல்லாம் சேர்ந்து நெருக்கினால் பிரிவது இயல்புதான்.

ஆல்பத்துக்குள் இருப்பதைப் பேசுவோம். 'பேட்மேன்ஸ் சாங்' (கெட்டவனின் பாட்டு) கேட்டிருக்கிறீர்களா? சுற்றுப்பயணத்தில் ஒரு ஓட்டலில் பக்கத்து அறையில் தன் குழுவின் பணியாளர்கள் தன்னைப் பற்றி மோசமாகப் பேசியது ஓர்சபாலின் காதில் விழுந்தது. வேறொருவராக இருந்தால் ஆளைப் பணிநீக்கம் செய்திருப்பார். இவர் அதை எட்டரை நிமிடப் பாட்டாக்கினார், அதில் தன்னையே கூண்டில் ஏற்றி விசாரித்தார். நடுவில் ஒலீட்டா ஆடம்ஸ் நுழையும்போது அது தேவாலயப் பாட்டாகவே மாறிவிடுகிறது. ஜாஸ், காஸ்பல், ராக் மூன்றும் ஒட்டுத் தெரியாமல் சேர்வதற்கு எத்தனை முறை வாசித்துப் பார்த்திருக்க வேண்டும்! செலவான பணம் எங்கே போனது என்று கேட்டால் இந்தப் பாட்டைக் காட்டுவேன்.

ஒலீட்டாவுக்கு அதனால் கிடைத்த வாழ்வையும் கணக்கில் சேருங்கள். அவருடைய 'சர்க்கிள் ஆஃப் ஒன்' ஆல்பத்தின் தயாரிப்பில் ஓர்சபாலுக்குப் பங்குண்டு. அதிலிருந்து வந்த 'கெட் ஹியர்' 1991-இல் பிரிட்டனில் நான்காம் இடம் பிடித்தது.

---

தாளக்கட்டு எழுதியது:

சுருதிப்பெட்டி சொல்வதில் பாதி சரி. 'பேட்மேன்ஸ் சாங்' பெரிய சாதனை. ஆனால் அந்த ஆல்பத்தில் இரண்டு, மூன்று இடங்களில் அடுக்கின் மேல் அடுக்காக வாத்தியங்களை வைத்து, பாட்டுக்கு மூச்சுத் திணற வைத்திருக்கிறார்கள். 'தி வொர்க்கிங் ஹவர்' அளவுக்கு வெளி எந்தப் பாட்டிலும் இல்லை. 'ஃபேமஸ் லாஸ்ட் வேர்ட்ஸ்' மட்டும் விதிவிலக்கு.

---

மழைக்காலவானொலி எழுதியது:

ஸ்மித் போன பிறகு வந்தவற்றை யாராவது கேட்டிருக்கிறீர்களா?

---

வடமேற்குக்காற்று எழுதியது:

ஓர்சபால் குழுவின் பெயரை வைத்துக்கொண்டு 1993-இல் 'எலிமென்டல்', 1995-இல் 'ராவுல் அண்ட் தி கிங்ஸ் ஆஃப் ஸ்பெயின்' இரண்டையும் வெளியிட்டார். முதலாவதில் 'பிரேக் இட் டவுன் அகெய்ன்' அருமையான பாட்டு. மற்றவை எனக்கு ஒட்டவில்லை. 2004-இல் இருவரும் மீண்டும் சேர்ந்து 'எவ்ரிபடி லவ்ஸ் எ ஹேப்பி எண்டிங்' கொடுத்தார்கள். பீட்டில்ஸ் மீதான காதல் அதில் அளவு கடந்துவிட்டது.

2022-இல் வந்த 'தி டிப்பிங் பாயின்ட்' வேறு தரம். ஓர்சபாலின் மனைவி நீண்டகாலம் நோயுற்றிருந்து 2017-இல் இறந்தார். தலைப்புப் பாடல் மருத்துவமனைப் படுக்கையின் அருகில் இருந்து, வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே ஒருவர் கடக்கும் கோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் பாட்டு. 'ப்ளீஸ் பி ஹேப்பி' நேரடியாகவே அவருக்கானது. ஓர்சபால் எழுதி, ஸ்மித் பாடியது. நண்பனின் துயரத்தை நண்பன் தன் குரலில் வாங்கிக்கொண்டிருக்கிறார். கணக்கர் அவர்கள் நட்பைப் பற்றிக் கவலைப்பட்டார். அந்தப் பாட்டை ஒருமுறை கேட்க வேண்டும்.

முதல் ஆல்பத்தில் 'சஃபர் தி சில்ட்ரன்' பாட்டில் ஒரு சிறுமியின் குரல்போல் கேட்பது அந்தப் பெண்மணியின் குரல்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் இரண்டு ஆல்பங்களையும் தனித்தனியாகக் கேட்க முடிவதில்லை. 'தி டிப்பிங் பாயின்ட்' பிரிட்டனில் இரண்டாம் இடம் பிடித்தது, அதுவும் அறுபது வயதில்.

---

கணக்கர் எழுதியது:

'ப்ளீஸ் பி ஹேப்பி' கேட்டேன். ஸ்மித் பாடும் விதத்தில் எங்குமே மிகை இல்லை. 'சீட்ஸ் ஆஃப் லவ்' பற்றிய என் கருத்தில் மாற்றம் இல்லை. ஆனால் இந்த ஆல்பத்தை இன்று முழுதாகக் கேட்கப் போகிறேன்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

'பிக் சேர்' முழுதும் கேட்டேன். ஒலிநாடாப்பெட்டி சொன்னதுபோல் 'ப்ரோக்கன்' முடிந்து பியானோ வரும் இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து கேட்டேன். ஒரு கேள்வி. 'தி ஹர்ட்டிங்' ஆல்பத்தையும் கேட்டுவிட்டேன், இரண்டுக்கும் நடுவே இரண்டே ஆண்டுகள். இவ்வளவு பெரிய பாய்ச்சல் எப்படி நடந்தது? நடுவில் ஏதாவது பாட்டு வந்ததா?

---

ஒலிநாடாப்பெட்டி எழுதியது:

சரியான கேள்வி. நடுவில் வந்தது 'தி வே யூ ஆர்', 1983 இறுதியில் வெளியான சிங்கிள். எந்த ஸ்டூடியோ ஆல்பத்திலும் சேராதது. பிரிட்டனில் இருபத்து நான்காம் இடத்தோடு நின்றுவிட்டது. முதல் ஆல்பத்தின் சூத்திரத்தையே நுணுக்கி நுணுக்கிச் செய்த பாட்டு, இசை சிக்கலாக இருக்கிறது, ஆனால் உள்ளே சரக்கில்லை. குழுவினருக்கே அது பிடிக்கவில்லை. இந்த வழியில் இனிப் போக முடியாது என்று அவர்களுக்குப் புரிய வைத்தது அந்தத் தோல்விதான்.

அதன் பிறகு சாமர்செட்டின் பெக்கிங்டனில் இருந்த வுல் ஹால் ஸ்டூடியோவில் உட்கார்ந்து, ஒரு சின்ன சின்தசைசரும் டிரம் மெஷினும் வைத்துக்கொண்டு வீட்டில் ஓர்சபால் தொடங்கிய 'ஷவுட்' பாட்டைப் பெரிதாக வளர்த்தார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அளவுக்கு எளிமை. முந்தைய சிங்கிளுக்கு நேர் எதிர்த்துருவம். ஆல்பத்தில் அது ஆறரை நிமிடம் ஓடுகிறது. 1985-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அவர்களின் இரண்டு பாடல்களில் ஒன்று அது, மற்றது 'எவ்ரிபடி வான்ட்ஸ் டு ரூல் தி வேர்ல்ட்'.

'தி வே யூ ஆர்' கேட்டுவிட்டு உடனே 'ஷவுட்' போடுங்கள், பாய்ச்சல் காதிலேயே விளங்கும். சிங்கிள்களின் மறுபக்கப் பாடல்களைச் சேர்த்து 1996-இல் 'சாட்டர்னைன் மார்ஷியல் அண்ட் லூனாட்டிக்' என்ற தொகுப்பு வந்தது. அதில் ராபர்ட் வையட்டின் 'ஸீ சாங்' பாட்டை ஓர்சபால் பாடியிருக்கிறார், 'ஐ பிலீவ்' எங்கிருந்து வந்தது என்று அதைக் கேட்டால் தெரியும். அடுத்து அதை எடுங்கள்.